இனவெறி நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள், போய் வந்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லா நாட்டையும் இங்கே அடக்க முடியாது. விஷயம் நன்றாகப் புரிகிற சில நாடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நிறவெறி, இனவெறி இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நிறம் அதில் ஒரு பங்குதான். 1994-ல் ருவாண்டாவில் நூறு நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்ற ஹூட்டுகளுக்கும் செத்தவர்களில் பெரும்பாலோரான டுட்சிகளுக்கும் ஒரே நிறம், ஒரே மொழி, பல இடங்களில் ஒரே தேவாலயம், பக்கத்துப் பக்கத்து வீடு. அப்புறம் யார் டுட்சி என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சாலையில் தடுப்பு போட்டு நிறுத்தி, அடையாள அட்டையை எடு என்றார்கள். பெல்ஜியக்காரர்கள் ஆட்சியில் 1930-களில் ஒவ்வொருவர் அட்டையிலும் ஹூட்டு, டுட்சி என்று எழுதிவைத்தது சுதந்திரத்துக்குப் பிறகும் அழியவில்லை, அறுபது வருடம் கழித்து அதுவே கொலைக்குப் பட்டியலாக ஆனது.

1923-ல் ஜப்பானில் பெரிய நிலநடுக்கம் வந்தபோது, கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. கொரியரும் ஜப்பானியரும் பார்க்க ஒரே மாதிரி. அதனால் தெருவில் போகிறவர்களைப் பிடித்து 'பதினைந்து யென் ஐம்பது சென்' என்று ஜப்பானிய மொழியில் சொல்லச் சொன்னார்கள். உச்சரிப்பு பிசகினால் அடி, வெட்டு. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள்.

என் கருத்து இதுதான், கீழே வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை: நிலம், கூலி, ஓட்டு, பதவி என்று ஏதோ ஒன்றிலிருந்து ஒரு கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்ற தேவை முதலில் வருகிறது. அதற்குத் தோதான அடையாளத்தை அப்புறம் தேடிக்கொள்கிறார்கள். ஓரிடத்தில் தோல், இன்னோர் இடத்தில் தாத்தா பாட்டி, வேறோர் இடத்தில் முடி, நாக்கு, பெயர், பாஸ்போர்ட். அதனால்தான் இலக்கணம் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

உலகத்துக்குப் பொதுவான வரையறையே கிடையாதா?

உண்டு. எல்லா வகை இனப்பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை 1965 டிசம்பரில் நிறைவேறி, 1969 ஜனவரியில் அமலுக்கு வந்தது. இனம், நிறம், வம்சாவளி, தேசிய அல்லது இனக்குழுப் பிறப்பு ஆகியவற்றின் பெயரால் ஒருவரை வேறுபடுத்தி, விலக்கி, அவருடைய உரிமைகளைக் குறைத்தால் அது இனப்பாகுபாடு என்கிறது அது. அப்படிச் செய்வது நோக்கமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, விளைவு அப்படி இருந்தாலே போதும். இந்த 'விளைவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை' என்ற சமாதானத்துக்கு அங்கே இடமில்லை.

ஆனால் கையெழுத்துப் போட்ட நாடு எல்லாம் ஊரில் அதை அப்படியே சட்டமாக்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். கையெழுத்தே போடாத நாடும் உண்டு. மலேசியா ஓர் உதாரணம், பின்னால் வருகிறேன்.

அறிவியல்படி இனம் என்று ஒன்று இருக்கிறதா?

ஊரில் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. மனிதர்களுக்கு இடையிலான மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள்கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். அதாவது உங்களுக்கும் உங்கள் எதிர்வீட்டுக்காரருக்கும் உள்ள வித்தியாசம், உங்களுக்கும் ஒரு நைஜீரியருக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிதும் குறைவில்லை. இனம் ரத்தத்தில் இல்லை. அரசாங்க ரெக்கார்டில் இருக்கிறது, வாடகை வீட்டு விளம்பரத்தில் இருக்கிறது, அந்த வகையில் அது ரொம்பவே நிஜம்.

அமெரிக்காவில் யார் கறுப்பர், யார் வெள்ளையர் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

'ஒரு சொட்டு' விதி என்பார்கள். முன்னோரில் ஒருவர் ஆப்பிரிக்கராக இருந்தால் போதும், நீ கறுப்பர், பார்க்க எப்படி இருந்தாலும் சரி. ஹோமர் பிளெஸ்ஸி என்பவருக்கு எட்டில் ஏழு பங்கு வெள்ளை வம்சம். 1892-ல் லூசியானாவில் வெள்ளையர் ரயில் பெட்டியில் உட்கார்ந்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனித்தனியாக, ஆனால் சமமாக வைத்தால் தப்பில்லை என்று 1896-ல் தீர்ப்பு வந்து, 1954 வரை பள்ளிக்கூடங்களைப் பிரித்துவைக்க அதுதான் கைகொடுத்தது.

வர்ஜீனியா மாநிலம் 1924-ல் இந்த ஒரு சொட்டு விதியைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றும்போது ஒரு விலக்கும் சேர்த்துக்கொண்டது. பதினாறில் ஒரு பங்கு வரை அமெரிக்கப் பூர்வகுடி ரத்தம் இருந்தால் பரவாயில்லை, அவர் வெள்ளையர்தான். காரணம், அங்கே இருந்த பெரிய வீட்டுக் குடும்பங்கள் சில, போகஹோண்டாஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வாரிசுகள் என்று பெருமை பேசிக்கொண்டிருந்தன. வேண்டியவர்களுக்காக எல்லைக்கோட்டை எப்படி வளைத்தார்கள் பாருங்கள். இந்தச் சட்டத்தின் கலப்புத் திருமணத் தடையை நீதிமன்றம் தள்ளியது 1967-ல்தான்.

இந்தியர்களை அமெரிக்கா எந்தப் பெட்டியில் போட்டது?

மாற்றி மாற்றி. அந்தக் காலத்தில் குடியுரிமை கேட்டு வருகிறவர் 'சுதந்திரமான வெள்ளையராக' இருக்க வேண்டும் என்று 1790-ம் வருடத்துச் சட்டம், பின்னால் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் சேர்த்தார்கள். 1922-ல் ஒரு ஜப்பானியர் வழக்குப் போட்டார். நிறம் வெளுப்பாக இருந்தால் போதாது, வெள்ளையர் என்றால் காக்கசியர் (அந்தக் கால மானிடவியலாளர்கள் வகுத்த ஓர் இனப்பிரிவு), நீ காக்கசியர் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அனுப்பிவிட்டது. மூன்றே மாதத்தில் பகத் சிங் திந்த் வந்தார். பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவச் சீருடை போட்டவர். மானிடவியல் புத்தகங்களைக் காட்டி, நாங்கள் காக்கசியர்தான் என்றார். நீதிபதி சதர்லண்ட், ஜப்பானியர் வழக்கில் தீர்ப்பு எழுதிய அதே ஆள், இப்போது எழுதினார்: புத்தகம் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதன் கண்ணுக்கு நீ வெள்ளையர் இல்லை.

ஏற்கெனவே குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கடை வைத்திருந்த வைஷ்ணோ தாஸ் பகாய் அப்படிப் பறிகொடுத்தவர்களில் ஒருவர். 1928-ல் தற்கொலை செய்துகொண்டார். இந்தியர்கள் குடியுரிமை பெற மறுபடி வழி திறந்தது 1946-ல். அப்புறம் 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம்மை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள், 1980-ல் ஆசிய இந்தியர் என்று தனிப்பெட்டி வந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

திந்த் வழக்கில் இன்னொரு விஷயம் இருக்கிறது, நம்மவர்கள் அதைப் பேச மாட்டார்கள். அவர் தரப்பு வாதத்தில், உயர்சாதி இந்து இந்தியாவிலுள்ள பழங்குடியினரைக் கல்யாணத்துக்கு எப்படி ஒதுக்குகிறாரோ அப்படித்தான் அமெரிக்கர் கறுப்பரை ஒதுக்குகிறார், அதனால் நாங்களும் உங்கள் பக்கம் என்று எழுதிக்கொடுத்தார்கள். தனக்கு நடந்த அநியாயத்தை எதிர்க்கப் போனவர், இன்னொருவருக்குத் தான் செய்யும் அநியாயத்தைத் தகுதிச் சான்றிதழாக நீட்டியிருக்கிறார். படிக்கும்போது நெஞ்சு கனத்துப் போகிறது.

யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அதுவும் இனவெறியா?

பெரும்பாலான இனவெறி அப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கிறது. 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5000 பொய் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒரே தரம், பெயர்தான் வேறு. எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களுக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு. லகீஷா, ஜமால் போன்ற கறுப்பர் பெயர்களுக்குப் பதினைந்துக்கு ஒன்று. எந்த மேனேஜரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. போன் வரவில்லை, அவ்வளவுதான். வேலை கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கடைசி வரை தெரியாது. ஆதாரம் காட்டு என்றால் அவர் எதைக் காட்டுவார்?

பிரேசிலில் எல்லோரும் கலந்துவிட்டார்கள், அங்கே இனவெறி இல்லை என்கிறார்களே?

பிரேசில் அரசே ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டது. அடிமைகளாக அங்கே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 48 லட்சம், அமெரிக்காவுக்கு நேராகப் போனவர்களைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அமெரிக்கக் கண்டத்தில் கடைசியாக, 1888-ல்தான் அடிமை முறையை ஒழித்தார்கள். ஆனால் ஒரு சொட்டு விதியோ கல்யாணத் தடைச் சட்டமோ அங்கே கிடையாது. அங்கே பார்ப்பது உங்கள் தாத்தாவை அல்ல, உங்கள் தோலையும் முடியையும் மூக்கையும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவர் வெள்ளை, மற்றவர் பார்டோ என்ற கலப்பு நிறம் என்று பதிவாவது அங்கே சர்வசாதாரணம். 1976-ல் ஓர் அரசாங்கக் கணக்கெடுப்பில் உங்கள் நிறத்தை நீங்களே சொல்லுங்கள் என்று விட்டபோது 130-க்கு மேற்பட்ட பெயர்கள் வந்தன. பால் கலந்த காபி என்றார் ஒருவர், கடற்கரை வெயிலில் கறுத்தது என்றார் இன்னொருவர். கறுப்பு என்று சொல்லாமல் இருக்க இத்தனை பாடு.

அங்கே இருந்த பாகுபாடு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு லிஃப்ட் போதும். அடுக்குமாடிக் கட்டடங்களில் இரண்டு லிஃப்ட், ஒன்று குடியிருப்பவர்களுக்கு, மற்றது வேலைக்காரர்களுக்கும் சாமான்களுக்கும். கறுப்பர் ஒருவர் விருந்தாளியாக வந்தாலும் காவலாளி இரண்டாவதைத்தான் கைகாட்டுவார். கடைசியில் 1996-ல் சாவ் பாவ்லோ நகராட்சி லிஃப்டில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே போட வேண்டியதாயிற்று. லிஃப்ட் பக்கத்தில் அந்த அறிவிப்புப் பலகை இன்றும் தொங்குகிறது. வேலை விளம்பரங்களில் 'நல்ல தோற்றம்' தேவை என்று எழுதுவார்கள், அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சட்டத்தில் பிரேசில் இப்போது எவ்வளவோ முன்னே போயிருக்கிறது. 1988 அரசியல் சட்டப்படி இனவெறிக் குற்றத்துக்கு ஜாமீனும் கிடையாது, காலாவதியும் கிடையாது. 2012-ல் மத்திய அரசுப் பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீடு வந்தது. கள்ளத்தனமாகக் கறுப்பர் என்று சொல்லி இடம் பிடிக்கிறவர்களைத் தடுக்க, பல பல்கலைக்கழகங்களில் குழு உட்கார்ந்து மாணவரின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்கிறது. சாதிச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போய்வந்த நமக்கு இதில் உள்ள சிக்கலும் புரியும், தேவையும் புரியும்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வெறும் தனித்தனி பெஞ்ச், தனித்தனி பஸ் மட்டும்தானா?

அது வெளியே தெரிந்தது. அடியில் இருந்தது 1950-ம் வருட மக்கள் பதிவுச் சட்டம். ஒவ்வொரு மனிதரையும் வெள்ளையர், கலப்பினத்தவர், கறுப்பர் என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். யார் வெள்ளையர்? பார்த்தாலே வெள்ளையராகத் தெரிகிறவர், அல்லது ஊரார் வெள்ளையராக ஏற்றுக்கொண்டவர். இதுதான் சட்டம் சொன்ன இலக்கணம். சந்தேகம் வந்தால் அதிகாரிகள் முடியில் பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் வழுக்கி விழுந்தால் ஒரு இனம், சுருட்டை முடியில் சிக்கி நின்றால் வேறு இனம். எந்த வீட்டில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளிக்கூடம், யாரைக் கட்டிக்கொள்ளலாம், எல்லாம் அந்தப் பென்சிலில்.

சாண்ட்ரா லைங் என்ற பெண் வெள்ளைக்காரத் தாய் தகப்பனுக்கு 1955-ல் பிறந்தார். தோல் பழுப்பு, முடி சுருள். பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து போலீஸ் அழைத்துக்கொண்டு போய் வீட்டில் விட்டது, 1966-ல் கலப்பினத்தவர் என்று பதிவை மாற்றினார்கள். அப்பா நீதிமன்றம் ஏறி இறங்கினார். சட்டம் திருத்தப்பட்டு மறுபடி வெள்ளையர் ஆனார். அப்புறம் அவர் ஒரு கறுப்பரோடு வாழப் போனார், பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பதற்காகத் தன்னை வெள்ளையர் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லி அவரே விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. இந்தச் சட்டம் 1991-ல்தான் ரத்தானது.

இதே நாட்டில் ஜப்பானிய வியாபாரிகளுக்குக் 'கௌரவ வெள்ளையர்' என்று தகுதி கொடுத்தார்கள். வியாபாரம் வேண்டும், அதனால் கோடு நகர்ந்தது.

அங்கிருந்த தமிழர்கள்?

1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'டிரூரோ' கப்பலில் தொடங்குகிறது அந்தக் கதை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிப் போகாமல் தங்கினால் தலைக்கு வருடம் மூன்று பவுண்டு வரி. 1913-ல் கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணம் செல்லாது என்ற தீர்ப்பும் சேர்ந்துகொள்ள, பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறைக்குப் போனது அந்தப் போராட்டத்தில்தான். சிறையில் பிடித்த காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தார். பின்னால் நிறவெறி ஆட்சியில் டர்பன் நகரத்தைச் சுற்றி வேரூன்றிய இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களுக்குத் தள்ளினார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். வெள்ளையருக்குக் கீழே, கறுப்பருக்கு மேலே என்று நடுப்படியில் இந்தியர்களை நிறுத்தியதால் இரு தரப்புக்கும் இடையில் கசப்பு வளர்ந்தது. 1949-ல் டர்பன் கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். 2021 ஜூலை கலவரத்தின்போது இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் ஃபீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். படிக்கட்டைக் கட்டியவர்கள் போய்விட்டார்கள், படிகள் அப்படியே இருக்கின்றன.

இனம் என்ற சொல்லே இல்லாமல் இனவெறிச் சட்டம் போட முடியுமா?

ஆஸ்திரேலியா போட்டது. 1901 குடியேற்றச் சட்டத்தில், வருகிறவருக்கு ஐம்பது சொல் கொண்ட ஒரு பத்தியை ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் வாசிப்பார்கள், அவர் கேட்டு எழுத வேண்டும். எந்த மொழி என்று தீர்மானிப்பது அதிகாரி. வேண்டாதவர் ஆங்கிலம் அறிந்தவரா, சரி, வேறு மொழியில் வாசி. 1934-ல் எகோன் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளரின் அரசியல் பிடிக்காமல் அவரைத் தடுக்க நினைத்தார்கள். அவருக்கோ பல ஐரோப்பிய மொழிகள் அத்துப்படி. கடைசியில் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் வாசித்தார்கள், உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. 1909-க்குப் பிறகு இந்தத் தேர்வில் ஒருவர்கூடப் பாஸ் ஆகவில்லை. தேர்வை எடுத்தது 1958-ல்.

பிரான்சில் இனக் கணக்கே எடுப்பதில்லையாமே, நல்லதுதானே?

காரணம் நல்ல காரணம். 1940-ல் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது யூதர்களைப் பதிவு செய்து அட்டை போட்டுவைத்தார்கள். 1942 ஜூலையில் பாரிஸ் போலீஸ் அந்த அட்டைகளைப் பார்த்துத்தான் வீடு வீடாகப் போய் இரண்டே நாளில் சுமார் 13,000 பேரைப் பிடித்துக்கொடுத்தது. அதனால் இனவாரியாகக் கணக்கெடுப்பதென்றாலே அங்கே அலர்ஜி. 1978 சட்டமும் கட்டுப்படுத்துகிறது, 2007-ல் அரசியல் சட்ட அவையும் கூடாது என்றது. குடியரசுக்குக் குடிமக்கள் மட்டும்தான் தெரியும், நிறம் தெரியாது.

ஆனால் போலீஸ்காரருக்குத் தெரிகிறது. உரிமைகளுக்கான அரசு அமைப்பு ஒன்று 2017-ல் வெளியிட்ட ஆய்வில், அரபு அல்லது கறுப்பு இளைஞராகத் தெரிகிறவர்களில் 80 சதவீதம் பேர் ஐந்து வருடத்தில் ஒருமுறையாவது தெருவில் நிறுத்திச் சோதிக்கப்பட்டிருந்தார்கள், மற்றவர்களில் 16 சதவீதம். கணக்கே இல்லாத இடத்தில் அநியாயத்தை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நான் கணக்கெடுப்பின் பக்கம்தான், ஆனால் அந்தப் பயத்தை அற்பமென்று தள்ள மாட்டேன்.

இங்கிலாந்தில் சட்டம் எப்படி?

அங்கே இனம் என்றால் நிறம், தேசியம், இனக்குழு, தேசியப் பிறப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் யார் இனக்குழு என்பதில் இடியாப்பச் சிக்கல். தலைப்பாகையை எடுத்தால்தான் சேர்ப்போம் என்று பர்மிங்காமில் ஒரு பள்ளிக்கூடம் சீக்கியப் பையனுக்கு இடம் மறுத்தது. கீழே தோற்று, 1983-ல், அப்போது அங்கே மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் தீர்ப்பில் சீக்கியர்களும் ஓர் இனக்குழு என்று ஜெயித்தார்கள், நீண்ட பொது வரலாறும் பண்பாடும் இருக்கிறது என்பதால். பத்து வருடம் கழித்து, ஜமைக்காவில் தோன்றிய ரஸ்தஃபாரி மதத்தைச் சேர்ந்த ஒருவர் அதே மாதிரி கேட்டபோது, உங்களுக்கு அவ்வளவு பழைய வரலாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

பெரிய திருப்பம் ஸ்டீஃபன் லாரன்ஸ் வழக்கு. 1993 ஏப்ரலில் லண்டனில் பஸ் ஸ்டாப்பில் நின்ற பதினெட்டு வயதுக் கறுப்பினப் பையனை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். போலீஸ் விசாரணையைச் சொதப்பியது. 1999-ல் வந்த மேக்பெர்சன் அறிக்கை இரண்டு விஷயம் சொன்னது: போலீஸ் துறையே நிறுவன அளவில் இனவெறி கொண்டது. அப்புறம், பாதிக்கப்பட்டவரோ வேறு யாருமோ இது இனவெறி என்று உணர்ந்தால், அதை அப்படித்தான் பதிவு செய்து விசாரிக்க வேண்டும். புகார் கொடுக்கப் போகிறவருக்கு இந்த இரண்டாவது எவ்வளவு பெரிய பலம் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். கொலைக்காரர்களில் இரண்டு பேருக்குத் தண்டனை கிடைத்தது 2012-ல், பத்தொன்பது வருடம் கழித்து.

ஜப்பானில் தமிழர்களுக்கு எப்படி?

மரியாதைக் குறைவு பெரும்பாலும் இருக்காது, வீடுதான் கிடைக்காது. 2017-ல் அரசு வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவர்களில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். இனப்பாகுபாட்டைப் பொதுவாகத் தடைசெய்யும் சட்டம் அங்கே இல்லை. வெறுப்புப் பேச்சுக்கு எதிராக 2016-ல் வந்த சட்டத்திலும் தண்டனைப் பிரிவு கிடையாது. ஆனாலும் ஹமாமட்சு ஊரில் நகைக்கடையிலிருந்து வெளியேற்றப்பட்ட பிரேசில் பெண் ஒருவர், ஐ.நா. உடன்படிக்கையைக் காட்டியே 1999-ல் நஷ்ட ஈடு வாங்கினார்.

அங்கே ஆழமான காயம் கொரியர்களுடையது. பேரரசின் குடிமக்களாகக் கொண்டுவரப்பட்டவர்களை 1952-ல் ஒரே உத்தரவில் அந்நியர்களாக்கினார்கள். குடியுரிமையை எடுத்துவிட்டால் அப்புறம் இனத்தைச் சொல்லவே தேவையில்லை. இலங்கை 1948-ல் மலையகத் தமிழர்களுக்குச் செய்ததும் இதுதான், அதைச் சரிசெய்ய 2003 வரை ஆனது.

மலேசியா, சிங்கப்பூர்?

மலேசியாவில் இனம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 153-வது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் தனி இடம் தருகிறது. 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு 1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை அதைப் படிப்பு, வேலை, சொத்து வரைக்கும் நீட்டியது. மலாய்க்காரர்களின் ஏழ்மை நிஜம், கொள்கைக்கு நியாயம் இருந்தது. ஆனால் ரப்பர் தோட்டம் துண்டாடப்பட்டபோது வீடும் வேலையும் இழந்து நின்ற தமிழ்க் கூலிக் குடும்பத்தின் ஏழ்மை எந்தக் கணக்கிலும் வரவில்லை. 2007 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூர் தெருவில் திரண்டது அந்த ஆற்றாமையில்தான். 2018-ல் ஐ.நா. உடன்படிக்கையில் சேருவோம் என்று அரசு அறிவித்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் சில வாரங்களில் பின்வாங்கியது. பேச்சில் தமிழரை 'கெலிங்' என்பது அங்கே கேட்கிற வசவு.

சிங்கப்பூரில் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு இனத்துக்கும் 1989 முதல் உச்சவரம்பு உண்டு, ஒரே இனம் ஓரிடத்தில் குவியக் கூடாது என்பதற்காக. இதில் அடிபடுகிறவர் யார் என்றால், சீனர் வரம்பு நிரம்பிவிட்ட கட்டடத்தில் வீட்டை விற்க வரும் தமிழரோ மலாய்க்காரரோ. வாங்குகிறவர்களில் பெரும்பான்மையினர் கணக்கில் வரமாட்டார்கள், விலை இறங்கும், மாதக்கணக்கில் விற்காது. 2022-ல்தான், அப்படி மாட்டிக்கொண்டவர்களின் வீட்டை அரசே வாங்கும் ஏற்பாடு வந்தது. தனியார் வாடகைச் சந்தையில் 'இந்தியர் வேண்டாம்' என்று விளம்பரத்திலேயே எழுதுவார்கள், கேட்டால் சமையல் வாசனை என்பார்கள்.

இட ஒதுக்கீடே ஒரு தலைகீழ் இனவெறி இல்லையா?

இதே கேள்வி இரண்டு உச்ச நீதிமன்றங்களுக்குப் போனது. பிரேசில் நீதிமன்றம் 2012-ல் ஒருமனதாக, நிஜமான சமத்துவத்துக்கு இது தேவை என்றது. அமெரிக்க நீதிமன்றம் 2023 ஜூனில், கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்றது. எனக்குப் பிரேசில் சொன்னதுதான் சரி. தமிழ்நாட்டில் 1920-களிலிருந்து வகுப்புவாரி உரிமை பார்த்து வந்தவர்களுக்கு இதற்குப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை. அதற்காக ஒரு வெள்ளைக்காரரை அவர் பிறப்புக்காக அடித்தால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது, எல்லா நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம்தான்.

சாதி இதில் சேருமா?

ஐ.நா. உடன்படிக்கை வரைவில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று ஐ.நா. குழு 2002-ல் விளக்கம் சொன்னபோது, அடங்காது என்று மறுப்பதும் இந்தியாதான். அதற்கு முந்தைய வருடம் டர்பனில் நடந்த உலக மாநாட்டில் தலித் அமைப்புகள் கூட்டமாகப் போய் இதைப் பேசவைக்கப் பாடுபட்டன, அரசுத் தரப்பு தடுத்துவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது, அதே வருடம் கலிஃபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார்.

பிறப்பால் ஒருவரைக் கீழே வைத்து, அவர் பிள்ளையையும் அங்கேயே வைத்து, கல்யாணத்துக்கு வேலி போட்டு, ஊருக்கு வெளியே குடியமர்த்தினால் அது என்ன? இனம் வேறு சாதி வேறு என்று புத்தகத்தில் பிரிக்கலாம், அனுபவிக்கிறவருக்கு வலி ஒன்றுதான். தனி டம்ளரில் டீ வாங்கியவரிடம் போய் இது இனவெறி இல்லை என்று விளக்கம் சொல்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இந்தியாவில் இனவெறி உண்டா?

உண்டு. அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா 2014 ஜனவரியில் டெல்லியில், அவர் முடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டுச் செத்தார். அதற்குப் பிறகு அமைந்த பேஸ்பருவா குழு தனிச் சட்டப் பிரிவுகள் கேட்டது, அது கேட்டபடி வரவில்லை. 2012 ஆகஸ்டில் வெறும் எஸ்எம்எஸ் வதந்தியில் பெங்களூரு, சென்னை, புனே ஊர்களிலிருந்து வடகிழக்கு மக்கள் ரயில் ரயிலாகக் கிளம்பினார்கள். 2017-ல் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களை, நரமாமிசம் தின்கிறவர்கள் என்ற வதந்தியைக் கிளப்பி, கூட்டம் அடித்தது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்கிறோமே, அந்த 'இருந்தாலும்' பிரேசில் விளம்பரத்தின் 'நல்ல தோற்றத்துக்கு' உடன்பிறப்பு. ஓட்டலில் மேசை துடைக்கும் ஒடியாப் பையனை, கட்டட வேலைக்கு வந்த பீகாரியை 'வடக்கன்' என்று ஒரே பெயரில் கூப்பிட்டு, திருட்டு நடந்தால் முதலில் அவன் மீது சந்தேகப்படுகிறோம். இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு, நமக்கு வீடு கட்டித் தருகிறவனை இழிவாகப் பேசுவது வேறு. முதலாவது நம் உரிமை. இரண்டாவதைச் செய்துவிட்டுச் சிங்கப்பூர் வீட்டுக்காரரைக் குறை சொல்ல நமக்கு முகம் இல்லை.

வெளிநாட்டில் எனக்கு நடந்தால் என்ன செய்வது?

அன்றைக்கே எழுதிவையுங்கள். தேதி, நேரம், இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், விளம்பரம் எதுவாக இருந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அலுவலக லேப்டாப்பில் வைக்காமல் உங்கள் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். வேலையை விட்டுப் போகச் சொன்னால் அலுவலகக் கணக்கு அன்றைக்கே மூடிவிடும்.

கால அவகாசம் ரொம்பக் குறைவு என்பது பலருக்குத் தெரியாமல் போகிறது. அமெரிக்காவில் வேலையிடப் புகாரை மத்திய அரசின் சமவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும், மாநிலத்தில் தனி அமைப்பு இருந்தால் 300 நாள். ஜெர்மனியில் வேலை விஷயத்தில் இழப்பீடு கேட்பதானால் இரண்டே மாதத்துக்குள் எழுத்தில் கேட்டாக வேண்டும். பிரான்சில் உரிமைக் காப்பாளர் அலுவலகத்தில் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம். இங்கிலாந்தில் போலீஸிடம் போனால் இதை இனவெறிச் சம்பவமாகப் பதிவு செய்யுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாணவர் என்றால் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள், முதல் வாரமே அந்த அறை எங்கே என்று பார்த்துவையுங்கள். விசா போய்விடுமோ என்று பயந்தே பாதிப் பேர் வாயைத் திறப்பதில்லை. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி மூன்றிலும் தனிக் குற்றச்சாட்டாகவே எடுபடும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.